நோ கழுத்துக்குத் திரும்பி வந்தால் நல்லதாம்

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். மார்கழி, தை என்றால் பள்ளிக்கூடச் சீருடை குவிந்துவிடும். குனிந்த தலை நிமிராது. அப்படி ஒரு சீசன் முடிகிற நேரத்தில்தான் வலது பிடரியில் பிடித்த நோ தோளுக்கு இறங்கி, கை வழியே ஓடிப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் வந்து நின்றது. இரண்டு விரலும் விறைப்பு. கத்தரிக்கோலில் பிடி நிற்காது. இரவில் அந்தக் கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் மட்டும் கொஞ்சம் சுகம்.

மாமி எண்ணெய் பூசி ஒத்தடம் பிடித்தார். தம்பியோ, தான் முடி வெட்டப் போகும் சலூனில் கழுத்தை ஒரு திருப்புத் திருப்பி ‘டக்’கென்று முறித்துவிடுவார்கள், எல்லாம் சரியாகும் என்றான். ஆம்பிளையள் சலூன் கதிரையில் நான் போய் இருப்பதை நினைக்கச் சிரிப்புத்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் காட்டியது, எக்ஸ்ரே எடுத்தது, பிசியோவுக்குத் துண்டு வாங்கியது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த காத்திருப்புத்தான். அதை விடுவோம்.

பிசியோ மிஸ் எடுத்த எடுப்பில் கழுத்தில் கை வைக்கவில்லை. ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார். பட்டன் பூட்டச் சொன்னார். சலம் போவதில் கட்டுப்பாடு இருக்கிறதா என்றும் கேட்டார். கழுத்து நோவுக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நரம்பு மட்டுமல்லாமல், முள்ளந்தண்டுக்குள்ளால் இறங்கும் முண்ணாணே நசிந்திருந்தால் நடை தள்ளாடும், கைவேலை தடுமாறும், சலமும் மாறுபடும். அப்படியானவர்களுக்குத் தான் கை வைக்காமல் நேரே டொக்டரிடம் அனுப்பிவிடுவேன் என்றார்.

பிறகு என் தலையை வலப்பக்கம் சாய்த்து உச்சியில் மெல்ல அழுத்தினார். சுரீரென்று விரல் வரை இறங்கியது. உடனே தாடையையும் பிடரியையும் ஏந்தி மேலே இழுத்தார். நோ விட்டுவிட்டது!

“அக்கா, கழுத்தில எலும்பு 7, நரம்பு 8 சோடி. 5ஆவது எலும்புக்கும் 6ஆவதுக்கும் நடுவால வாற நரம்புதான் உங்களுக்கு நசியுது போல. பெருவிரல் பக்கம் போறது அதுதான்.”

சிகிச்சை என்று பார்த்தால் பெரிய ஆரவாரம் இல்லை. மல்லாந்து படுக்க, தலையைக் கையில் ஏந்தி மெதுவாக இழுத்துப் பிடித்து விடுவார். பிறகு கழுத்தெலும்பை இடப்பக்கமாக மெல்ல மெல்லத் தள்ளுவார். அசைந்ததா என்றே சந்தேகம் வரும். குப்புறப் படுக்க வைத்து மேல்முதுகையும் அழுத்துவார். ஒரு சத்தமும் வராது. முதல்நாள் எனக்குச் சப்பென்று போய்விட்டது, உண்மையைச் சொன்னால். அதோடு கையை நீட்டி மணிக்கட்டையும் தலையையும் சேர்த்து அசைக்கும் பயிற்சி ஒன்று. பாவாடை மடிப்புக்குள் நாடா ஓடுவது போல நரம்பும் தன் வழியில் வழுக்கி ஓட வேண்டுமாம். விறைப்பு ஏறும்வரை இழுக்கக் கூடாது, அதற்கு முன்பே விட்டுவிட வேண்டும்.

சில கிழமை போக விரல் விறைப்புக் குறைந்தது. ஆனால் பிடரியும் தோள்பட்டையும் முன்னையைவிட உளைந்தன. கழுத்தைப் பிடித்துக் கெடுத்துவிட்டார்கள் என்று மாமி முடிவே கட்டிவிட்டார். நானும் கோபத்தோடுதான் போனேன். மிஸ்ஸுக்கோ சந்தோசம். கையிலிருந்த நோ மேலே ஏறிக் கழுத்துக்குத் திரும்புவது நரம்பு விடுபடும் அடையாளமாம். கழுத்து நோ குறைந்தபடி விரல் விறைப்புக் கூடினால்தான் பயப்பட வேண்டுமாம். இதை முதல்நாளே சொல்லியிருந்தால் மாமியோடு அத்தனை வாக்குவாதம் இருந்திருக்காது.

சலூன் கதையையும் கேட்டுப் பார்த்தேன். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு நாடிகள் கழுத்தெலும்புத் துளைகளுக்குள்ளால் ஏறுகின்றன, திடீரென்று திருப்பினால் அவை கிழியக்கூடும், அபூர்வம்தான், ஆனால் வந்தால் பாரிசவாதம் வரை போகும் என்றார். தம்பிக்கு அப்படியே ஒப்புவித்தேன். இப்போது முடி மட்டும் வெட்டிக்கொண்டு வருகிறான்.

பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சை இல்லாமலே சில மாதங்களில் குறைந்துவிடுமாம். எனக்கும் குறைந்தது. பெருவிரல் நுனியில் மட்டும் லேசான மரப்பு மிச்சம். தாடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை விடவில்லை. செய்யாமல் போனால் மிஸ் தொட்டவுடனே கண்டுபிடித்துவிடுவார். தையல் மெஷினுக்குக் கீழே பலகை அடித்து உயர்த்தியாயிற்று. தன் கை எட்டவில்லை என்று மச்சாள் முறைப்பாடு. அவவுக்கு ஒரு உயரக் கதிரை தேடிக்கொண்டிருக்கிறேன்.