உயர மலையை நம்பலாம், குட்டி மலையைத்தான் நம்ப முடியாது

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் ரோட்டில், பொற்றையடி பக்கம் மருந்துவாழ் மலையைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் "இதுதானா, ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கிடலாம்" என்பார்கள். கொடைக்கானல் மாதிரி பாதி உயரத்தைப் பஸ் ஏறித் தராது இங்கே. அடிவாரமே கிட்டத்தட்ட கடல்மட்டம். மொத்த மலையையும் நம் காலே ஏறியாக வேண்டும்.

நம் மாவட்டத்து மலைக்கோவில்களை அடுத்தடுத்த நாட்களில் கும்பிட்டு வருவது என்று நானும் மச்சானும் புறப்பட்டதில், முதல் மலை இது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது உதிர்ந்த துண்டு என்பது ஊர் நம்பிக்கை. படிகள் முடிந்ததும் பாறைதான். வெயில் ஏறிவிட்டால் கை வைக்க முடியாது என்பதால் விடியும் முன்பே தொடங்கினோம். உடம்பைவிட மனசைப் படுத்தியது உச்சியின் விளையாட்டு. இதோ வந்துவிட்டது என்று ஏறினால், அதன் பின்னால் இன்னொரு பாறை நிற்கும். இப்படியே ஏமாந்து நான் உட்கார்ந்துவிட்டேன். அப்போது கையில் ஒரு தூக்குவாளியோடு எங்களைத் தாண்டிப் போன பாட்டி ஒருத்தி, "மேல பாக்காத மக்கா, காலடிய மட்டும் பாத்து ஏறு" என்றாள். செருப்பு கூட இல்லை அவளுக்கு. அப்புறம் இரண்டு எட்டுக்கு ஒரு "ராம" என்று மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டு ஏறினேன். மூச்சு ஒரு கணக்குக்கு வந்தது.

வழியில் பிள்ளைத்தடம் குகை. 1888-இல் கேரளத்து அருவிப்புரத்தில் சிவலிங்கம் பிரதிஷ்டை செய்வதற்கு முன்பு, சீர்திருத்தத் துறவி நாராயண குரு தவமிருந்த இடம். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே போனதும் வியர்வை சட்டென்று குளிர்ந்துவிட்டது. உச்சியில் ஆஞ்சநேயரைக் கும்பிடக் கை கூப்பினால், காற்று வேட்டியைப் பிடுங்குகிறது.

இறங்குவது சுலபம் என்று நினைக்காதீர்கள். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்குகிறது, அதனால்தான் அப்படி வலிக்கிறது. அந்த வலி அன்றைக்கு முழுசாகத் தெரியாது, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். மறுநாள் வேளிமலை அடிவாரத்தில் குமாரகோவில் படிகளில் பக்கவாட்டாகவே ஏறினேன். வள்ளியைக் கைப்பிடித்த முருகன் ஆளுயரத்தையும் தாண்டி நிற்கிறான். அண்ணாந்து பார்க்கக் கழுத்து மட்டும் ஒத்துழைத்தது.

அதற்கடுத்து சிதறால் மலை. பாதை போட்டிருக்கிறார்கள், மூன்றிலும் சுலபம் இதுதான். ஆனால் "கீழே இருந்தே கும்பிட்டுப் போயிரலாமே" என்று மனசு பேரம் பேசியது இங்கேதான். பெரிய மலைக்கு நாம் ஒரு வைராக்கியத்தோடு போகிறோம், சின்ன மலைக்கு அதுகூட எடுத்துப் போவதில்லை. மச்சான் பேசாமல் முன்னால் நடந்தான். நானும் போனேன், ரோஷம்தான், பக்தி என்று பொய் சொல்ல மாட்டேன்.

போனது நல்லது. பாறை முகத்தில் வரிசையாகச் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்கள், படமெடுத்த நாகத்தின் கீழ் அவர்களில் ஒருவரான பார்சுவநாதர், சமணர்களின் தேவி பத்மாவதி. சமண முனிவர்கள் இருந்த இடம் பின்னாளில் பகவதி கோவிலானது. இந்தப் பக்கத்தை ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்தியார் என்ற சமணப் பெண்துறவி இங்கே தேவிக்குப் பொன் நகை கொடுத்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாதையும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது, அந்த அம்மா ஏறி வந்திருக்கிறார். நான் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பகவதியைக் கும்பிட்டேன்.

கீழே வந்து ஆளுக்கு இரண்டு டம்ளர் உப்புப் போட்ட மோர். சித்ரா பௌர்ணமிக்குப் பத்துகாணி வழியாகக் காளிமலை ஏறலாம் என்று மச்சான் ஆரம்பித்திருக்கிறான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி மட்டும் "நானும் வாறேன்" என்று சொல்லிவிட்டாள்.