ஹார்ட், ஃபுல்லர், டுவார்க்கின்: எந்த வரிசையில் படித்தால் பிடிபடும்?

இயற்கைச் சட்டம் (சட்டத்துக்கு அறம் அடிப்படை), பாசிட்டிவிசம் (எது சட்டம் என்பது அறத்தைச் சார்ந்ததல்ல), யதார்த்தவாதம் (நீதிமன்றங்கள் உண்மையில் செய்வதே சட்டம்) என்று வரையறைகளை உருப்போட்டால் தேர்வில் மதிப்பெண் வரும். யார் எதற்காக யாரோடு மோதினார்கள் என்பது பிடிபடாது. மேற்கத்தியச் சட்டத் தத்துவத்துக்குள் இந்த மூன்று அறிஞர்களின் மோதலின் வழியாகவே நுழையுங்கள்.

முதலில் 1958இல் ஹார்வர்ட் லா ரெவ்யூ இதழில் பாசிட்டிவிசத்துக்காக வாதாடி வந்த ஹார்ட்டின் கட்டுரை, அதையடுத்து அதை மறுக்கும் ஃபுல்லரின் பதில். இரண்டையும் இடைவெளி விடாமல் படிக்கவும். பூங்காவுக்குள் வாகனங்களுக்குத் தடை என்றால் கார் நிச்சயம் வரக்கூடாது, சைக்கிளிலும் பொம்மைக் காரிலும்தான் சந்தேகம் என்கிறார் ஹார்ட். போர் நினைவாக ஓடும் நிலையிலுள்ள ராணுவ லாரியைப் பீடத்தில் ஏற்றி வைத்தால் என்ன செய்வீர்கள் என்று மடக்குகிறார் ஃபுல்லர். நோக்கம் தெரியாமல் விதிக்குப் பொருளே சொல்ல முடியாது என்பது அவர் கட்சி.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. 1944இல் ஹிட்லரைத் திட்டிய கணவனைக் காட்டிக்கொடுத்த மனைவியின் வழக்கு, 1949இல் மேற்கு ஜெர்மன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. நாஜிச் சட்டமே செல்லாது என்று அந்த நீதிமன்றம் சொன்னதாக வைத்துத்தான் ஹார்ட் வாதிடுகிறார். தீர்ப்பு அப்படியில்லை என்று 1960இல் பாப்பே என்ற ஆய்வாளர் எழுதினார். ஹார்ட்டும் அதைத் தன் 1961 நூலின் இறுதியிலுள்ள குறிப்புகளில் ஒப்புக்கொண்டார். பழைய கதையையே ஒப்பிக்கும் பாடக்குறிப்புகளை நம்ப வேண்டாம்.

அடுத்தது ஹார்ட்டின் அந்த 1961 நூல், 'தி கான்செப்ட் ஆஃப் லா'. பலர் இரண்டு முதல் நான்கு வரையான அத்தியாயங்களிலேயே, சட்டம் என்பது இறையாளரின் கட்டளை என்ற ஆஸ்டினை மறுக்கும் பகுதியிலேயே, களைத்துப்போகிறார்கள். நேராக ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் போய்விட்டுத் திரும்பி வரலாம். வெறும் கடமை விதிகளோடு நிற்கும் சமூகத்தில் எது விதி என்ற குழப்பம், விதியை மாற்ற வழியின்மை, மீறலைத் தீர்க்க ஆளின்மை ஆகிய மூன்று குறைகள் வரும். அங்கீகார விதி, மாற்ற விதி, தீர்ப்பு விதி மூன்றும் முறையே அவற்றுக்கு மருந்து. அங்கீகார விதியை அரசியலமைப்பு நூல் என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான சறுக்கல். அது அதிகாரிகளின் நடைமுறையில் வாழ்வது. அதற்கே 'செல்லுமா' என்று கேட்க இடமில்லை. அதை ஏற்று நடப்பவர் அறநெறியில் அது சரியென்று நம்பியாக வேண்டும் என்பதும் இல்லை.

சட்டம் விதிகளோடு முடிவதில்லை, கோட்பாடுகளும் அதில் அடக்கம் என்று ஹார்ட்டை மறுக்கும் டுவார்க்கினின் 1967 கட்டுரையைத் தொடும் முன் ரிக்ஸ் எதிர் பால்மர் (நியூயார்க், 1889) தீர்ப்பைப் படியுங்கள். உயில்படி சொத்து பெறவிருந்த பேரன் தாத்தாவுக்கு விஷம் வைத்தான். சொத்து கிடையாது என்றது பெரும்பான்மை. உயில் சட்டத்தின் எழுத்துப்படி செல்லும் என்ற நீதிபதி கிரேயின் மாறுபட்ட தீர்ப்பைப் படிக்காமல் தாண்டிவிட்டால் டுவார்க்கின் சுலபமாக ஜெயித்ததுபோல் தோன்றும். நம்மூர் மாணவர்களுக்கு இதில் புதிரே தெரிவதில்லை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கொலையாளியை வெளிப்படையாகவே விலக்கிவிடுவதால். அந்தப் பிரிவு இல்லையென்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஹார்ட் நூலை வாங்கினால் 1994 பதிப்போ அதற்குப் பிந்தியதோ வாங்குங்கள்; டுவார்க்கினுக்கு ஹார்ட் எழுதிய பதில், ஹார்ட்டின் மறைவுக்குப் பின் அதில்தான் சேர்ந்தது. அங்கீகார விதிக்குள் அறக்கோட்பாடுகளும் இடம்பெறலாம் என்று அதில் விட்டுக்கொடுக்கிறார். இன்னொரு பாசிட்டிவிஸ்டான ராஸ் அதை ஏற்பதில்லை. அதனால் ராஸ் கடைசியில்தான்.