கல்லறை மயிலையில், எலும்பு ஒர்டோனாவில்

இத்தாலியின் ஒர்டோனாவுக்குப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டார்: "அங்கே என்ன இருக்கிறது?" இயேசுவின் சீடர் தோமையாரின் எலும்புகள் இருக்கின்றன என்றேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இத்தனை வருஷமாக நாம் எதன் முன்னால் முழந்தாளிடுகிறோம்?" என்றார்.

சென்னை மயிலையின் சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சங்கடமான கேள்வி. 1896இல் எழுந்த வெள்ளைக் கோபுரத்தின் கீழே தோமையாரின் கல்லறைச் சிற்றாலயம் இருக்கிறது. சிறு வயதில் தேர்வுக்கு முன்னால் அங்கே மெழுகுதிரி ஏற்றாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. மார்க்கோ போலோ வந்தபோதே காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்க இந்த இடத்து மண்ணை அள்ளிப் போனதாக எழுதியிருக்கிறார். கல்லறை எங்களுடையது, அதில் சந்தேகமில்லை. உள்ளே இருந்தவர்தான் வெகு காலத்துக்கு முன்பே கிளம்பிவிட்டார்.

முட்டி வலியால் அம்மாவால் வர முடியவில்லை. வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை மடித்து என் கைப்பையில் வைத்து, "அதில் தொட்டுக் கொண்டுவா" என்றார். எதைத் தொடுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரோமிலிருந்து பெஸ்காரா வரைக்கும் ரயில் மலைகளைக் குடைந்து குடைந்து போகிறது. பெஸ்காராவில் வண்டி மாறித் தெற்கே திரும்பினால், ஜன்னலுக்கு இடப்பக்கம் ஏட்ரியாட்டிக் கடல் கூடவே வருகிறது. சிறிது நேரத்தில் ஒர்டோனா. ரயில் நிலையம் துறைமுகத்தை ஒட்டிக் கீழே கிடக்கிறது, ஊர் மேட்டின் மேல். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையின்றி ஏறி நடந்தேன். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றபோது தோமையார் உயிர்விட்டதாகச் சொல்லப்படும் பரங்கிமலையின் படிகள் நினைவுக்கு வந்தன. இவரைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போனாலும் ஏறத்தான் வேண்டும் போலிருக்கிறது.

மேலே போய்ச் சேர்ந்தால் கதவு சாத்தியிருந்தது. தவறு என்னுடையதுதான். நம் ஊர்க் கோயில்களில் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்துவதைப் போல, இத்தாலியச் சிற்றூர்களிலும் மதியம் ஆலயத்தைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். தெரிந்திருந்தும் மறந்துவிட்டேன்.

கிடைத்த நேரத்தில் ஊரைச் சுற்றினேன். கடலைப் பார்த்த மேட்டு நடைபாதை, அதன் கோடியில் 15ஆம் நூற்றாண்டில் அரகோன் அரசர்கள் கட்டிய கோட்டை. 1946இல் மண் சரிந்து கோட்டையின் ஒரு பகுதி போய்விட்டது, மிச்சத்தைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். தெற்கே கரையோரமாக மரக்கால்கள் நட்டுக் கடலுக்குள் கட்டிய மீன்பிடி மேடைகள் வரிசையாக வரும். திராபோக்கி என்கிறார்கள். நீண்ட கழிகளிலிருந்து வலை தொங்குவதைப் பார்த்ததும் கொச்சியின் சீன வலைகள் நினைவுக்கு வந்தன. தோமையார் கி.பி. 52இல் வந்திறங்கியதாகச் சொல்லப்படும் கேரளத்து முசிறிக் கரையும் அந்தப் பக்கம்தானே.

ஆனால் இந்த ஊரில் சுற்றிப் பார்க்க வந்தவர்களை உலுக்குவது 1943. அந்த டிசம்பரில் கனடாப் படையும் ஜெர்மானிய பாராசூட் படையும் இங்கே எட்டு நாள் தெருத் தெருவாக, வீடு வீடாக மோதின. தெருவில் இறங்கினால் சுட்டுவிடுவார்கள் என்று கனடாக்காரர்கள் வீட்டுச் சுவர்களை வெடிவைத்துத் துளைத்து, ஒரு வீட்டுக்குள்ளிருந்தே அடுத்த வீட்டுக்குப் போனார்கள். கிறிஸ்துமஸும் அந்த இடிபாட்டுக்குள்தான் வந்து போனது. 28ஆம் தேதி ஜெர்மானியர் விலகியபோது ஊரில் பெரும்பகுதி கல்குவியல். ஊர் மக்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பக்கத்து மோரோ ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்தில் 1,600க்கும் மேற்பட்ட படைவீரர்கள் கிடக்கிறார்கள், பெரும்பாலோர் கனடாக்காரர்கள். இந்தப் போர்முனையில் எட்டாவது இந்தியப் படைப்பிரிவும் இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இன்னும் தெற்கே சங்க்ரோ ஆற்றுக் கல்லறைத் தோட்டத்தில், எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கென்று தனியாக நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர்களுக்காகவும் ஒரு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டேன்.

ஆலயமும் தப்பவில்லை. 1943 டிசம்பரில் ஜெர்மானியர் கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள், அதனுடன் ஆலயத்தின் ஒரு பெரும்பகுதியும் சரிந்தது. இப்போது நாம் பார்ப்பது 1949இல் மீண்டும் திறக்கப்பட்ட கட்டடம். இடிபாட்டிலிருந்து பொறுக்கிய 14ஆம் நூற்றாண்டு வாசல் கற்களைத் திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள். கல்லை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தால் எது பழையது, எது புதியது என்று விரலுக்குத் தெரிகிறது. உயிர்த்த இயேசுவின் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவரின் வாசலில் இதைச் செய்யாமல் எங்கே செய்வது?

மாலையில் கதவு திறந்தது. உள்ளே நாலைந்து பேர். படியிறங்கி நிலவறைக்குப் போனேன். சாந்தோமில் கல்லறைக்கு இறங்கும்போது வெளியே கடற்கரைச் சாலையின் ஹாரன் சத்தம் கூடவே வரும். இங்கே என் செருப்புச் சத்தம் மட்டும்தான்.

பீடத்தில் பொன்முலாம் பூசிய செம்புப் பேழை. அதற்குள்தான் அவர். முழந்தாளிட்டேன், ஆனால் செபம் வரவில்லை. நேர்ந்துகொண்டு வந்தவை எல்லாம் மறந்துபோய், "இவ்வளவு தூரம் எப்படி வந்தீர்?" என்றுதான் கேட்கத் தோன்றியது.

அந்தப் பயணக் கதை சுவையானது. மயிலையிலிருந்து எலும்புகள் முதலில் எதெஸ்ஸாவுக்குப் போயின. இன்று அது துருக்கியில் இருக்கிறது. ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து அவற்றைக் கொண்டுவந்ததை நான்காம் நூற்றாண்டிலேயே புனித எபிரேம் பாடிவிட்டார். எதெஸ்ஸா 1144இல் வீழ்ந்தது. பிறகு எலும்புகள் ஏஜியன் கடலின் கியோஸ் தீவில் இருந்தன. 1258இல் ஒர்டோனாவின் மூன்று கப்பல்களோடு லியோனே என்ற கப்பல் தலைவர் அங்கே போனார். ஆலயத்தில் செபித்துக்கொண்டிருந்தபோது ஒரு கை அவரை அருகே வரும்படி சைகை காட்டியதாம். இரவில் திரும்பி வந்து கல்லைப் பெயர்த்து, எலும்புகளை எடுத்துக்கொண்டு, கல்லையும் விடாமல் கப்பலில் ஏற்றிவிட்டார். 1258 செப்டம்பர் 6 அன்று ஒர்டோனாவில் கரை சேர்ந்தார்கள்.

நம் ஊரில் இதற்குத் திருட்டு என்று பெயர். இடைக்காலத்து ஐரோப்பாவில், புனிதருக்கே விருப்பமில்லாவிட்டால் அவரை யாராலும் அசைக்க முடியாது என்று வாதிட்டிருப்பார்கள். எனக்கு அந்த வாதத்தில் முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் உயிரோடு இருந்தபோதே எருசலேமிலிருந்து மயிலை வரை வந்த மனிதர், இறந்த பிறகு மட்டும் ஓரிடத்தில் இருந்துவிடுவாரா என்ன!

லியோனே விடாமல் தூக்கிவந்த அந்தக் கல் இன்னும் இருக்கிறது. அதில் மார்பளவு உருவமாகத் தோமையார், பக்கத்தில் கிரேக்க எழுத்தில் அவர் பெயர். கிரேக்கம் தெரியாவிட்டாலும் தீட்டா, ஓமேகா என்று பள்ளிக் கணக்கில் பார்த்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி 'தோமா' என்று வாசித்துவிட்டேன். சாந்தோம் என்று பஸ் போர்டில் வாசித்துப் பழகிய பெயர். தொண்டை அடைத்தது அங்கேதான். பேழையின் முன்னால் வராத செபம் கல்லின் முன்னால் வந்தது: "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்." அவர் சொன்ன வார்த்தைகளையே அவர் முன்னால் சொன்னேன்.

பக்கத்தில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த முதிய பெண்மணி என்னைப் பார்த்து, "இந்தியா?" என்றார். தலையசைத்தேன். பேழையைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, இரண்டு சுட்டுவிரல்களையும் சேர்த்து வைத்துச் சிரித்தார். உறவு என்கிறாரா, ஒரே ஊர் என்கிறாரா தெரியவில்லை, இரண்டுக்கும் ஆமாம் என்றேன்.

கைக்குட்டையை எடுத்துப் பீடத்தின் பளிங்கில் வைத்து எடுத்தேன். மனம் கேட்காமல் திரும்ப வைத்து எடுத்தேன்.

மே மாதம் முதல் ஞாயிற்றை ஒட்டி இங்கே பெரிய விழா நடக்கும். புனிதரின் வெள்ளிச் சிலையை வைத்துப் பூட்டியிருக்கும் இடத்துக்கு வெள்ளிச் சாவிகள் உண்டு. ஒன்று ஆலயத்திடம், மற்றது நகராட்சியிடம். ஊரே பவனியாகச் சாவியை எடுத்துவந்து சேர்த்துத் திறப்பார்களாம். ஊருக்கும் ஆலயத்துக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் நம்பிக்கையா, நம்பிக்கையின்மையா என்று யோசித்தேன். தோமையாரின் ஊருக்கு இரண்டுமே பொருந்தும்.

இரவு ஒரு சிறிய விடுதியில் தங்கி, விடியற்காலையில் மேட்டு நடைபாதைக்குப் போனேன். இத்தாலி என்றால் கடலில் சூரியன் மறைவதைத்தான் படங்களில் பார்த்திருக்கிறோம். இது கிழக்குக் கரை. சாந்தோம் ஆலயத்தின் பின்பக்கம் நின்று பார்ப்பதைப் போலவே தண்ணீருக்குள்ளிருந்து சூரியன் எழுந்தது. மீன்பிடிப் படகுகள் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

அங்கிருந்தே அம்மாவுக்கு போன் செய்தேன். அவர் காலைத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். பேழை, கல், கைக்குட்டை எல்லாவற்றையும் சொன்னேன். எலும்பு இங்கே, கல்லறை அங்கே என்பதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

"கூட்டமா?"

"இல்லை அம்மா, நாலைந்து பேர்தான்."

"பாவம்" என்றார். "இங்கே அவருக்குப் பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இல்லை. நீ இன்னொரு தடவை உள்ளே போய்விட்டு வா."

கதவு திறந்திருந்தது, போனேன்.