அடிமரத்தை மூடிய மண்

வணிக வளாகம் கட்டுவதற்காக ஐந்து ஏக்கர் நிலத்தைச் சுத்தம் செய்து சமன்படுத்தும் வேலை. நான் தளப் பொறியாளர். சிறு நகரம் ஒன்று வளர்ந்து வளர்ந்து வந்து தொட்ட ஓரம் அது. புதர், தண்ணீர் தேங்கும் பள்ளம், நடுவில் ஒரு பெரிய வாகை மரம். பொக்லைன் இறங்கிய முதல் நாளே புதரெல்லாம் காணாமல் போனது. மறுநாள் ஆபரேட்டர் மரத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, "சார், இதையும் சாய்ச்சிடவா?" என்றார். மேலே காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலத்துக்கொண்டிருந்தன.

வரைபடத்தில் அந்த இடம் வாகன நிறுத்தம். இரண்டு நாள் பேசி, மரத்தை விட்டுவைக்க உரிமையாளர் தரப்பில் சம்மதம் வாங்கினேன். மரத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நம்பினேன்.

நிலம் சாலையைவிடத் தாழ்வு. 60 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டியிருந்தது. 20 சென்டிமீட்டருக்கு ஓர் அடுக்காகக் கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டினோம். ஆய்வகச் சோதனையில் அந்த மண் எவ்வளவு இறுகுகிறதோ அந்த அளவில் (அதிகபட்ச உலர் அடர்த்தி) 95 சதவீதம் வந்தால்தான் அடுத்த அடுக்கு. சோதனை முடிவுகள் ஒவ்வொன்றும் தேறின. மரத்தைச் சுற்றி ஒரு வட்டத் திட்டு கட்டி, அதற்குள்ளும் மண் நிரப்பினோம்.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருடம் இலைகள் சிறுத்தன. பிறகு உச்சிக் கிளைகள் காய ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து தினமும் ஊற்றச் சொன்னேன். அதுவும் தவறு.

மரங்களைப் பற்றி நன்கு தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துப் போய்க் காட்டினேன். அவர் கிளையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. குனிந்து அடிமரத்தைத் தடவிப் பார்த்தார். "கம்பம் நட்ட மாதிரி நேரா மண்ணுக்குள்ள இறங்குது பாருங்க. மரம் தரையில பாதம் மாதிரி விரிஞ்சு நிக்கணும். அந்தப் பாதம் எங்க?" என்றார். கையளவு தோண்டியதுமே ஈரத்தில் ஊறிக் கறுத்த பட்டை தெரிந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

வேர் ஆழத்தில் இருக்கிறது, மேலே என்ன செய்தாலும் தாங்கும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல் மண்ணில், 60 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கின்றன. கிளை விரிப்பையும் தாண்டிப் பரவுகின்றன. அந்த வேர்களுக்குக் காற்று வேண்டும். கட்டடத்துக்கு நான் தேடித் தேடிக் கொடுத்த அடர்த்தி, மண்ணிலிருந்த காற்றை வெளியேற்றிவிட்டது. கோடரி படாமலேயே மரம் செத்தது. மூன்றாம் வருடம் வெட்டினார்கள். இப்போது அங்கே இரண்டு கார்கள் நிற்கின்றன.

பள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் தண்ணீர். முன்பு அதில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தில் நின்று மண்ணுக்குள் இறங்கியது. இப்போது சாலைக்கு ஓடுகிறது. என் வரைபடத்தில் அந்தப் பள்ளம் 'நிரப்ப வேண்டிய பகுதி' என்று மட்டும்தான் இருந்தது. எழுதியது நான்தான்.

இப்போது வேறொரு தளம். பொக்லைன் வருவதற்கு முந்தைய நாளே கிளை விரிப்பின் ஓரத்தில் முளையடித்து, அதற்கும் வெளியே தள்ளி வேலி போடச் சொல்கிறேன். உள்ளே மண் கொட்டக் கூடாது, வண்டி ஏறக் கூடாது, சிமென்ட் கலக்கக் கூடாது. வழித்தெடுக்கும் மேல்மண்ணைத் தனியாகக் குவித்துவைக்கிறோம். ஆனால் வேலியால் நான்கு கார் நிற்கும் இடம் போகிறது என்று உரிமையாளர் தரப்பு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் மறுபடி பேசப் போகிறேன். அந்த வாகையின் படங்களை, மூன்று வருடத்துப் படங்களையும் வரிசையாக எடுத்துவைத்திருக்கிறேன்.