லாச்சிக் காசு யாருடையது?

கொழும்பில் நம்மவர்கள் நடத்தும் கடைகளில் கணக்குப் பார்க்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். வெள்ளவத்தைத் துணிக்கடை, செட்டியார் தெரு நகைக்கடை, நான்காம் குறுக்குத் தெரு மொத்த வியாபாரம் எதுவானாலும் இரவில் லாச்சியை எண்ணுவார்கள், வங்கி மீதியைப் பார்ப்பார்கள், "இந்த மாதம் பரவாயில்லை" என்பார்கள். அந்தப் "பரவாயில்லை"யை ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

மாத விற்பனை 60 இலட்சம் ரூபாய் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கொள்விலையின் மேல் 25 வீதம் வைத்து விற்கிறார்கள். முதலாளி மனதுக்குள் 60 இலட்சத்தின் 25 வீதம், 15 இலட்சம் என்று போட்டுவிடுகிறார். பிழை அங்கேயே தொடங்குகிறது. 1,000 ரூபாய்ச் சாமானை 1,250க்கு விற்றால் கிடைக்கும் 250, விற்ற விலையில் 20 வீதம்தான். ஆகவே மொத்த லாபம் 12 இலட்சம். சம்பளம், மின்சாரம், லொறிக் கூலி, சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்து 7 இலட்சம் போனால் மிச்சம் 5.

இனி யாரும் எழுதாத செலவுகள். கட்டடம் அப்பாவின் பெயரில் இருப்பதால் வாடகை இல்லை. வெளியாருக்குக் கொடுத்தால் மாதம் இரண்டரை இலட்சம் வரும் என்று வையுங்கள். அண்ணர், தம்பி, அண்ணி மூவரும் கடையில் நிற்கிறார்கள்; அந்த வேலைக்கு ஆட்களை வைத்தால் 3 இலட்சம் கொடுக்க வேண்டும். இரண்டையும் கழித்தால் கடை மாதம் 50,000 ரூபாய் நட்டத்தில் ஓடுகிறது. குடும்பம் லாபம் என்று நினைத்துச் செலவழித்தது கட்டடத்தின் வாடகையையும் தங்கள் சொந்தக் கூலியையும்தான்.

அதே கடையில் "சீசனுக்கு 10 வீதம் கழிவு" என்று பலகை போட்டால் 1,250 ரூபாய்ச் சாமான் 1,125க்குப் போகும். லாபம் 250இலிருந்து 125 ஆகிறது. பழைய லாபத்தைப் பிடிக்க இரண்டு மடங்கு விற்க வேண்டும். கழிவை இரண்டு வருடமாகத் தேங்கிக் கிடக்கும் சரக்குக்குக் கொடுங்கள், தானாகவே ஓடும் சரக்குக்கு எதற்கு?

முதல் வேலை, கடையில் வேலை செய்யும் குடும்பத்தவர் எல்லோருக்கும் சம்பளம் போடுவது. அது செய்கிற வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வயதுக்கோ பிள்ளைகளின் எண்ணிக்கைக்கோ ஏற்றதாக அல்ல. கொள்முதல் பார்ப்பவருக்கும் காசாளர் மேசையில் இருப்பவருக்கும் ஒரே தொகை கொடுத்தால் இரண்டே வருடத்தில் மனக்கசப்பு வரும். மாதம் ஒரு திகதியில் வங்கி மூலம் போகட்டும். 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்தில் வரி கழிக்க வேண்டும் என்பதால் தொகையைக் கணக்காளருடன் பேசித் தீர்மானியுங்கள். அதற்கு மேல் லாச்சியிலிருந்து எடுப்பது ஒவ்வொன்றும், பெட்ரோலுக்கான 5,000 உட்பட, எடுத்தவர் பெயரில் எடுப்பனவுக் கணக்கில் ஏற வேண்டும். கலியாணம், பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்பு போன்ற பெரிய செலவு வந்தால் கடை கொடுக்கலாம், ஆனால் தவணையும் கையொப்பமும் உள்ள கடனாக. "நம்ம பிள்ளைதானே" என்று வாயால் கொடுத்ததுதான் பங்கு பிரிக்கும் நாளில் சண்டையாகிறது.

ஊழியர் செலவையும் பலர் குறைத்தே கணக்கிடுகிறார்கள். 60,000 ரூபாய்ச் சம்பளக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதியாக அவர் சம்பளத்திலிருந்தே 8 வீதம், 4,800. முதலாளி பங்கு 12 வீதம், 7,200. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,800, அதுவும் முதலாளியே கட்டுவது. அவர் கடைக்கு 69,000 ரூபாய். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 5 வருடம் முடித்தவர் விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்க வேண்டும். பத்து வருடக்காரர் விலகினால் 3 இலட்சம். மாதம் 2,500 தனியாக ஒதுக்கினால் அந்தச் சுமை முதுகில் ஒரே நாளில் விழாது. சம்பளம் கூடும்போது ஒதுக்கும் தொகையையும் கூட்டுங்கள், பழைய வருடங்களுக்கும் புதிய சம்பளத்திலேயே கணக்கு. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டி மிச்சத்தைப் படியாகக் கொடுக்கும் பழைய வித்தை வேண்டாம். வாழ்க்கைச் செலவுப் படிக்கும் இந்த நிதிகளைக் கட்ட வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு இல்லை. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போனால் நிலுவையுடன் தண்டமும் சேர்த்துக் கேட்பார்கள்.

வற் (பெறுமதி சேர் வரி) பதிவு உள்ளவர்கள் இன்னொன்று கவனிக்க வேண்டும். 1,180 ரூபாய் வாங்கினால் 180 ரூபாய் உங்கள் காசு அல்ல. தனி வங்கிக் கணக்கு ஒன்றில் வாராவாரம் போட்டுவிடுங்கள்.

இனி செக். புறக்கோட்டை வியாபாரம் பின்திகதியிட்ட செக்கில்தான் நிற்கிறது, பெரும்பாலான கடைகள் விழுவதும் அங்கேதான். லாபம் இருக்கும், செக் திரும்பும். சரக்கு கடையில் சராசரி 75 நாள் கிடக்கிறது, வாங்கியவர் 30 நாளில் காசு தருகிறார், நீங்கள் கொடுத்த செக் 60 நாளில் விழுகிறது என்றால், 75ஐயும் 30ஐயும் கூட்டி 60ஐக் கழிக்க 45 நாள். அந்த 45 நாளுக்கு உங்கள் கைக்காசு வேண்டும். மேலே சொன்ன கடையின் சரக்குச் செலவு மாதம் 48 இலட்சம், நாளுக்கு 1.6 இலட்சம். 45 நாளுக்கு 72 இலட்சம். அது கையில் இல்லாதவர் அடுத்த செக்கை எழுதி முந்திய செக்கைத் தீர்க்கிறார்.

ஒரு கொப்பி போதும். இடது பக்கம் அடுத்த 13 வாரம். ஒவ்வொரு வாரத்துக்கும் விழப்போகும் செக், சம்பளம், வாடகை, வங்கித் தவணை, வரி. வலது பக்கம் வரவு; கடன் வாங்கியவர் சொன்ன திகதியை எழுதாமல் அவர் வழக்கமாகக் கொடுக்கும் திகதியை எழுதுங்கள். சனிக்கிழமை தோறும் அரை மணித்தியாலம் பார்த்தால் ஐந்தாறு வாரத்துக்கு முன்பே ஓட்டை தெரியும். அப்போது சப்ளையரிடம் போய் "செக்கை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கோ" என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார். விழும் நாளன்று காலையில் கேட்டால் முகம் மாறும். தீபாவளிக்கு எடுத்த சரக்கின் செக்கைப் பண்டிகைக்கு முன் திகதியில் எழுதுவது வழமையான தவறு. விற்ற காசு கைக்கு வந்து இரண்டு வாரம் கழித்து விழும்படி எழுதுங்கள். வாடிக்கையாளர் தந்த செக்கை அப்படியே சப்ளையருக்குக் கொடுப்பதும் வேண்டாம். அது திரும்பினால் கெடுவது உங்கள் பெயர். வங்கியில் காசு இல்லை என்று தெரிந்தே செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டப்படி குற்றமாகவும் ஆகலாம்.

ஓவர்டிராஃப்டில் காணி வாங்காதீர்கள். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி உயர்த்தியபோது, மாறும் வட்டியில் நீண்டகாலச் சொத்து வாங்கியிருந்தவர்கள் கடை வருமானத்தை வட்டிக்கே கொடுத்தார்கள். டொலரும் அதே வசந்தத்தில் 200 சொச்சத்திலிருந்து 360ஐத் தொட்டது. இறக்குமதிச் சரக்கைப் பழைய விலைக்கு விற்றவர்களால் அந்தக் காசில் அதே அளவு சரக்கைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

யார் தலைவர் என்ற கேள்வியைப் பெரும்பாலான குடும்பங்கள் கேட்பதே இல்லை. அண்ணர் ஒன்று சொல்ல, தம்பி வேறொன்று சொல்ல, கணக்கப்பிள்ளை இருவருக்கும் தலையாட்டுவார். கொள்முதல் ஒருவர், கடன் கொடுப்பதும் வசூலும் இன்னொருவர் என்று பிரித்து, ஊழியர்களுக்கும் அறிவியுங்கள். 2 இலட்சம் வரை தனியாகத் தீர்மானிக்கலாம், அதற்கு மேல் இரண்டு கையொப்பம் என்று எல்லை வையுங்கள். தொகை உங்கள் கடையைப் பொறுத்தது. மச்சானுக்குக் கடன் விற்பனையா? அவருக்கும் எல்லைத் தொகை உண்டு. மாதக் கூட்டத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைக்காமல் கடையில் வையுங்கள், முடிவை அரைப் பக்கம் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக, அப்பா இல்லாத நாள். தனி ஒருவர் பெயரில் உள்ள வியாபாரம் அவரோடு முடிகிறது. வங்கிக் கணக்கு முடங்கும், ஆனால் அவர் எழுதிய செக்குகளின் திகதிகள் நிற்காது. பிரைவேட் லிமிடெட் கம்பனி என்றால் பணிப்பாளர் ஒருவர் இறந்தாலும் கம்பனி தொடரும். கையொப்ப அதிகாரம் குறைந்தது இருவருக்கு இருக்கட்டும். ஆனால் கம்பனி ஆக்கிவிட்டதால் வீடு தப்பும் என்று நினைக்காதீர்கள், வங்கி பெரும்பாலும் சகோதரர் எல்லோரிடமும் தனிப்பட்ட உத்தரவாதம் வாங்கியிருக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பமாயின் தேசவழமைச் சட்டத்தின் தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பின் தேடிய சொத்து) பற்றியும் சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஒருவர் பெயரில் உள்ள சொத்தில் மனைவிக்கோ கணவருக்கோ பங்கு இருக்கலாம். மரண சாசனம் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். எழுதும்போது கடையின் பங்கையும் கட்டடத்தையும் வெவ்வேறு பந்தியாக எழுதச் சொல்லுங்கள். கட்டடம் நான்கு பிள்ளைகளுக்கும், கடை அதை நடத்தும் ஒருவருக்கும் போகிறதென்றால், அவர் மற்ற மூவருக்கும் கொடுக்க வேண்டிய வாடகையை எப்படிக் கணக்கிடுவது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.