ஷான்சி நாட்குறிப்பு: உத்திரத்தில் ஒரு பெயர்

மே 6, 2025, செவ்வாய். தாய்யுவான்

சீனாவின் மே தின விடுமுறை நேற்றோடு முடிந்தது. அது முடியட்டும் என்று காத்திருந்து இன்று வந்து இறங்கும்படி டிக்கெட் போட்டேன். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம் என்று ஆனதில் இருந்து அலுவலகத்தில் பாதிப்பேர் சீனா போய் வந்துவிட்டார்கள். எல்லோரும் டெரகோட்டா வீரர்களோடு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அந்த வீரர்கள் இருப்பது பக்கத்து மாநிலத்தில். அதன் பெயரும் ஷான்சிதான், உச்சரிப்பில் தொனி மட்டும் மாறும். சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் புரியவில்லை. சரி, விட்டுவிட்டேன்.

கூட வந்திருப்பது பெரியப்பா மகன். நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர், போன வருஷம்தான் பட்டறையை மூடினார். "பெருஞ்சுவர் எல்லாம் வேணாம்டா தம்பி. கல்லு, செங்கலு பாக்கவா அவ்வளவு தூரம்? மரம் இருந்தா சொல்லு" என்றார். மரம் என்றால் இந்த ஷான்சிதான். சீனாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய மரக்கட்டடங்களில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கின்றன. மழை குறைவு. மலை அதிகம், அதனால் படைகளுக்கும் எட்டாத மூலைகள் உண்டு. அப்புறம் வறுமை. பழைய கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்ட இந்தக் கிராமங்களில் காசு இருந்ததில்லை.

இரவுச் சாப்பாடு கத்தியால் சீவிப் போடும் நூடுல்ஸ். மேசையில் உப்பு இல்லை, காடி ஜாடி இருந்தது. அண்ணன் ரசம் மாதிரி ஊற்றிக்கொண்டார்.

மே 7, புதன். ச்சிகோவ்

லீஷி வரை ரயில், அங்கிருந்து பஸ். மஞ்சள் மண் மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கியதும் சட்டென்று மஞ்சள் நதி. பால் குறைந்த டீ நிறம். அக்கரை மற்ற ஷான்சி.

இந்த ஊர் உருவானதே ஆறு மக்கர் பண்ணியதால்தான். வடக்கிலிருந்து எண்ணெய், தானியம், உப்பு, தோல் எல்லாம் படகில் வரும். ஊரைத் தாண்டியதும் ஆறு ஒடுங்கிப் பாறைகளில் இரைகிறது, படகு போகாது. ஆகவே சரக்கை இங்கே இறக்கி, ஒட்டகத்திலும் கோவேறு கழுதையிலும் ஏற்றி மலை தாண்ட வேண்டும். 'ச்சிகோவ் தெருவெல்லாம் எண்ணெய், மூணு நாள் சுமக்காவிட்டால் தெருவில் ஓடும்' என்று ஒரு பழைய பாட்டு உண்டு. ரயில் வந்தது, துறை ஓய்ந்தது.

கிடங்குகள் அப்படியே நிற்கின்றன. வாசலில் பதித்த கல்லில் சக்கரம் தேய்த்த பள்ளம், பக்கத்தில் விலங்கு கட்டும் கல்துளை. துளையின் உள்விளிம்பு கயிறு உரசி உரசிக் கண்ணாடியாக வழுக்குகிறது. அண்ணன் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதிரே ஒரு பாட்டி காய்ந்த இலந்தை விற்றார். சீனத்து இலந்தை, நம் ஊர்ப் பழத்தைப் போல மூன்று மடங்கு. நான் சில்லறை தேட, பாட்டி கழுத்தில் தொங்கிய க்யூஆர் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

கறுப்பு நாகக் கோயிலின் நாடக மேடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். கீழே ஆற்றின் இரைச்சல். ரீல்ஸ் எடுக்க வந்த நான்கு பெண்கள் தவிர வேறு யாரும் இல்லை.

மே 8, வியாழன். லீஜியாஷான்

ச்சிகோவுக்கு மேலே, ஒட்டகத்தில் சம்பாதித்த லீ குடும்பத்தார் கட்டிய கிராமம். செங்குத்தான சரிவில் வில்வளைவு முகப்பு வைத்த குகை வீடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. கீழ் வீட்டின் கூரைதான் மேல் வீட்டின் முற்றம். அதில் ஒருவர் சோளம் காயவைத்திருந்தார். வழி தெரியாமல் நான் நின்றது யாருடைய கூரை என்று இன்னும் தெரியவில்லை. 1989இல் ஓவியர் ஊ குவான்ஜொங் இங்கே வந்து மலைத்துப்போனார். அதிலிருந்துதான் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். இன்றும் ஒரு வகுப்பே மடக்கு நாற்காலியோடு படி படியாக உட்கார்ந்திருந்தது. ஊர்க்காரர்கள் என்று பார்த்தவர்கள் எல்லாம் எழுபது தாண்டியவர்கள்.

அண்ணனுக்கு முழங்கால் வலி. "வீடு குளுகுளுன்னு இருக்கு, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு மரம் இல்லையேடா" என்று புகார். ஜன்னல் சட்டங்களைக் காட்டினேன். "இது சன்னல் வேலை" என்று தள்ளிவிட்டார்.

மே 9, வெள்ளி. ஊதாய் நகரம், இரவு 11.30

எரிச்சலில் எழுதுகிறேன். நாள் முழுக்க ரயில், பஸ். வந்து சேர்ந்தால் முன்பதிவு செய்த விடுதியில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கை விரித்துவிட்டார்கள். வெளிநாட்டவரைப் பதியத் தங்கள் கணினியில் வழியில்லையாம். அடுத்த விடுதியிலும் அதே பதில். மூன்றாவது இடத்து அம்மா யாருக்கோ போன் செய்து, எங்கள் முகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, முக்கால் மணி நேரத்தில் சாவி கொடுத்தார். இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் முந்தின நாளே போன் செய்து, வெளிநாட்டு பாஸ்போர்ட் ஏற்பீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை என்பதால் அண்ணன் கறி தொடமாட்டார். அதிலும் ஒரு நன்மை கிடைத்தது. ஓட்ஸ் மாவைக் கையால் சுருட்டி, குழல் குழலாக மூங்கில் தட்டில் நிமிர்த்தி வைத்து அவித்துத் தருகிறார்கள். பார்க்கத் தேன்கூடு, கடிக்கக் கொழுக்கட்டை மேல்மாவு. தக்காளிச் சாறில் முக்கித் தின்றோம். இரண்டு தட்டு.

மே 10, சனி. நான்சான், ஃபோகுவாங்

நாள் வாடகைக்குக் கார் பேசினோம். ஓட்டுநர் கேட்ட முதல் கேள்வி, "கேம் விளையாடுவீர்களா?" போன ஆகஸ்டில் வந்த ஒரு வீடியோ கேமில் ஷான்சியின் கோயில்கள் வரிசையாக வந்துவிட்டதால், அதுவரை எட்டிப் பார்க்காத இளைஞர்கள் எல்லாம் வருகிறார்களாம். இல்லை, மரம் பார்க்க என்றேன். அண்ணனைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் வண்டியை எடுத்தார்.

முதலில் நான்சான். கோயில் என்று மனசில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். நம் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு அளவு, மூன்றே கண் அகலம் (இரண்டு தூணுக்கு நடுவே உள்ள இடம் ஒரு கண்). ஆனால் இதன் உத்திரத்தில் மையால் எழுதியிருக்கும் வருஷம் 782. சீனாவில் இன்று நிற்கும் மரக்கட்டடங்களில் இதைவிடப் பழையதாக உறுதியானது எதுவும் இல்லை. 845இல் பேரரசர் ஊஜொங் நாடெங்கும் பௌத்தக் கோயில்களை இடிக்கச் சொன்னபோது, இந்த மூலையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

உள்ளே ஒரு தூண்கூட இல்லை. பாரம் முழுவதும் சுற்றுத் தூண்களில் இறங்குகிறது. அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். நம் போதிகை தெரியுமல்லவா, தூண் தலையில் விரிந்து உத்திரத்தைத் தாங்குவது? அதையே கட்டை மேல் கட்டையாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, தாழ்வாரத்தை வெளியே நீட்டிக்கொண்டு போகிறார்கள். தோகொங் என்பது அதன் பெயர். ஒவ்வொன்றிலும் கழுந்து, துளை, கழுந்து, துளை. "பாரு, தூணு மூலைக்குப் போகப் போக உசரம் கூடுது. உள்பக்கமா ஒரு சாய்வும் குடுத்திருக்கான்" என்றார். நூல் பிடித்துப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டார். புத்தகத்தில் படித்துவிட்டுப் போன எனக்கு அது தெரியவில்லை.

ஃபோகுவாங் போய்ச் சேர மாலை நான்கு. நேரம் அப்படி அமைந்ததே நல்லது. கிழக்கு மண்டபம் மலையில் முதுகு சாய்த்து மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. காலையில் வந்தால் உள்ளே இருட்டு.

இதைக் கண்டெடுத்த கதைக்காகத்தான் நான் வந்தேன். 1930களில் ஜப்பானிய அறிஞர்கள், தாங் அரச வம்சத்துக் காலத்து மரக்கட்டடம் சீனாவில் மிச்சமில்லை, பார்க்க வேண்டுமானால் எங்கள் நாரா நகரத்துக்கு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்டடக்கலை ஆய்வாளர்களான லியாங் ஸுசெங்குக்கும் அவர் மனைவி லின் ஹுயினுக்கும் அது உறுத்தல். துன்ஹுவாங் குகை ஓவியம் ஒன்றில் ஊதாய் மலையின் படம், அதில் இந்தக் கோயில் பெயர். அதை வைத்துக்கொண்டு 1937 கோடையில் கோவேறு கழுதை மேல் வந்து சேர்ந்தார்கள். மச்சுக்கு மேலே ஏறினால் ஆயிரக்கணக்கில் வவ்வால், அவற்றோடு மூட்டைப்பூச்சி. முகமூடி கட்டிக்கொண்டு நாள் கணக்கில் அளந்தார்கள். கட்டட பாணி தாங் என்கிறது, எழுத்தில் ஆதாரம் இல்லை.

லின் ஹுயினுக்குத் தூரப்பார்வை. கீழே நின்றபடி உத்திரத்தின் அடியில் மங்கலாக மை எழுத்து இருப்பதை அவர்தான் பார்த்தார். சாரம் கட்டி, துணியை நனைத்துத் துடைத்தால் எழுத்து தெரியும், காய்ந்தால் மறையும். அப்படித் துடைத்துத் துடைத்துப் படிக்க மூன்று நாள். அதில் இருந்தது ஒரு பெண்ணின் பெயர்: நிங் கொங்யு, கோயிலுக்குக் கொடை தந்தவர். வாசலில் இருக்கும் கல்தூணில் அதே பெயர், கூடவே வருஷம்: 857. மண்டபத்தின் வயது அப்படித்தான் உறுதியானது. மேடையின் ஒரு ஓரத்தில் ஆளுயரத்தில் அமைதியாக ஒரு பெண் சிலை உட்கார்ந்திருக்கிறது. அதுவும் நிங் கொங்யுதான். லின் ஹுயின் அதன் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ உண்டு. அவர்கள் அளவெடுத்துக்கொண்டிருந்தபோதே பீஜிங் அருகே போர் தொடங்கிவிட்டது. மலையை விட்டு இறங்கிப் பத்திரிகையைப் பார்த்த பிறகே தெரிந்தது.

கல்தூண் முன்னால் போய் நின்றேன். எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன. எனக்குச் சீனப் பேச்சு கொஞ்சம் வரும், எழுத்து அரிச்சுவடிதான். 'பெண்' என்ற எழுத்து மட்டும் உறுதியாகத் தெரியும், மூன்றே கோடு. அதைத் தேடினேன். வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டி, ஒரு இடத்தில் அது மாதிரி இருந்தது. அதுவே என்று வைத்துக்கொண்டேன்.

உள்ளே சாய்வெயில் கதவு வழியே தரையில் நீண்டு, சிலைகளின் முழங்கால் வரை ஏறியிருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து ஓரத்தில் இருக்கும் அம்மையாரை எட்டி எட்டித்தான் பார்க்க முடிந்தது. கையை அங்கிக்குள் மறைத்து, வயசான கன்னம் கொஞ்சம் தொங்கி, திருமணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவின் முகம். போதிசத்துவர்களுக்கு இருக்கும் அழகு எதுவும் இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

"எந்த உத்திரம்டா?" அண்ணனுக்கும் வெள்ளெழுத்து. படிக்கிற கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அண்ணாந்தார். கழுத்து வலிக்கும் வரை பார்த்தார்.

"தெரியுதாண்ணே?"

"கறுப்பா ஏதோ இருக்கு. எழுத்தா, கறையான்னு சொல்ல முடியல." கொஞ்சம் கழித்து, "மரத்துல எழுதுறது ஆசாரி எழுதுவான். எந்தத் துண்டு எங்கேன்னு அடையாளம். இதுல காசு குடுத்தவங்க பேரு இருக்கு. செஞ்சவன் பேரு இல்லையா?"

இருக்கிற எழுத்துகளில் கொடையாளர்கள், அதிகாரிகள் பெயர்கள்தான் என்றேன். அண்ணன் "ம்" என்றார்.

மே 11, ஞாயிறு

வண்டி, வண்டி, வண்டி. அண்ணன் தூக்கம்.

மே 12, திங்கள். யிங்ஷியான்

இன்று சிங்கப்பூரில் விசாக விடுமுறை. சீனக் கணக்கில் புத்தர் பிறந்தநாள் போன திங்களே போய்விட்டது.

ஊர் மொத்தமும் தட்டை. நடுவில் 67 மீட்டர் மரக்கோபுரம். 1056இல் கட்டியது. வெளியே பார்க்க ஐந்து தளம், உள்ளே மறைவாக நான்கு. தோகொங் வகை மட்டும் 54 என்கிறார்கள். அண்ணன் 20 வரை எண்ணி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். சுற்றிலும் உழவாரக் குருவிகள் கீச்சிட்டுக்கொண்டு அம்பு மாதிரி பாய்கின்றன. தரைத்தளத்தில் 11 மீட்டர் உயர புத்தர், அதோடு சரி. மேலே ஏற இப்போது விடுவதில்லை, கோபுரம் சாய்கிறது. இரண்டாம் தளத்துத் தூண்கள் சரிந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது.

அண்ணன் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேல சுத்திலும் கதவா இருக்கே. இவ்வளவு உசரத்துக்குக் குறுக்குச் சட்டம் வேணாமா?" எனக்குச் சிலிர்த்துவிட்டது. மேல்தளங்களில் முன்பு மண்சுவர்தான் இருந்தது, அதற்குள்ளே சாய்சட்டங்கள். 1930களில் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் அழகுக்காக அவற்றை எடுத்துவிட்டு அழிக்கதவு போட்டார்கள். கோபுரம் பலவீனமானதற்கு அது முக்கியக் காரணம் என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள். இதைச் சொன்னதும், "எந்த ஆசாரி ஒத்துக்கிட்டான்?" என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

லியாங் ஸுசெங் இங்கே வந்தது 1933இல், சாய்சட்டங்கள் இருந்தபோதே. வருவதற்கு முன் கோபுரம் உண்மையிலேயே நிற்கிறதா என்று அவருக்குச் சந்தேகம். விலாசம் தெரியாமல், 'யிங்ஷியானின் தலைசிறந்த போட்டோ ஸ்டூடியோ' என்று மட்டும் போட்டு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் போய்ச் சேர்ந்தது. படமும் வந்தது. படம் எடுத்தவர் காசு கேட்கவில்லை. பீஜிங்கிலிருந்து நல்ல கடிதத்தாள் கொஞ்சம் அனுப்புங்கள், எங்கள் ஊரில் தாள் கடை கிடையாது என்று எழுதியிருந்தார்.

கோபுரத்திலிருந்து பஸ் நிலையம் நடக்கும் வழியில் இன்று எழுதுபொருள் கடைகள் மூன்று எண்ணினேன், எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எதிரில். அண்ணன் ஒன்றில் நுழைந்து கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் வாங்கினார். தாதொங் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கண்ணாடி போட்டுக்கொண்டு இப்போது அந்த மண்டபத்து மூலைத்தூணை வரைந்துகொண்டிருக்கிறார். பஸ் குலுங்கும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறார்.