எண் இல்லாத 500 தட்டுகள்

ஓகே என்ற பழைய அமெரிக்கக் கம்பெனியின் ரெக்கார்டுகளுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன்: தட்டு எண், பாடியவர், பதிவான ஊர், தேதி. எல்லாம் எண் வரிசைப்படிதான். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகளோடு பழகியவர்களுக்குப் பாட்டின் பெயர் மறந்தாலும் எண் மறக்காது. அந்தக் கம்பெனியின் கன்ட்ரி இசைத் தட்டுகளை, அதாவது அமெரிக்கத் தெற்கின் நாட்டுப்புறப் பாட்டுத் தட்டுகளைச் சேர்க்க உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. முதலில் அச்சடித்த தட்டுக்கு எண்ணே கிடையாது.

பல நாளாக மனசுக்குள் கிடக்கும் கதை இது. இன்று எழுதிவிடுகிறேன்.

ஓகே ஒன்றும் பெரிய கம்பெனி இல்லை. ஓட்டோ ஹைனமன் 1918ல் நியூயார்க்கில் தொடங்கியது. பெயரே அவருடைய முதலெழுத்துகள்தான்: ஓ, கே, இ, எச். விக்டர், கொலம்பியா என்ற பெரிய கம்பெனிகள் புகழ்பெற்ற பாடகர்களை எல்லாம் வளைத்துப் போட்டிருந்த காலம். அவர்கள் திரும்பிப் பார்க்காத பக்கம் போனால்தான் பிழைப்பு. 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியை வைத்து 'கிரேஸி புளூஸ்' பாட்டை ஓகே பதிவு செய்தது. கறுப்பின மக்கள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். யாருடைய பாட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதில் அதுவரை கம்பெனிகள் போட்டு வைத்திருந்த கணக்கு தப்பு என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெற்கு மாநிலங்களின் வெள்ளைக்கார உழைப்பாளிகள் விஷயத்தில் அதே பாடத்தைப் படிக்க இன்னும் 3 வருஷம் ஆனது.

அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது இசை தெரிந்த யாரும் இல்லை. ஜார்ஜியா மாநிலத்து அட்லான்டாவில் மரச்சாமான் கடை நடத்திய குடும்பத்துப் பிள்ளை போல்க் பிராக்மன். அந்தக் காலத்தில் கிராமபோன் என்பது மேசை, அலமாரி மாதிரி ஒரு வீட்டுச் சாமான். அதனால் மரச்சாமான் கடையிலேயே விற்றார்கள். பெட்டி வாங்கியவர் தட்டு வாங்கவும் அங்கேதான் வருவார். எதைக் கேட்டு வந்தார், எது இல்லையென்று திரும்பிப் போனார் என்பதெல்லாம் கடைக்காரருக்கு அத்துப்படி. 1923ல் நியூயார்க் போயிருந்த பிராக்மன் ஒரு தியேட்டரில் செய்திப்படம் பார்த்தார். பிடில் வாசிப்புப் போட்டி ஒன்றைக் காட்டினார்கள். அங்கேயே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார்: ஜான் கார்சனைப் பதிவு செய்ய வேண்டும்.

'பிடில்' ஜான் கார்சன் அட்லான்டாவில் எல்லோருக்கும் தெரிந்த ஆள். பருத்தி ஆலையில் வேலை பார்த்தவர். ஊரில் நடக்கும் பிடில் போட்டிகளில் பரிசு வாங்கியவர். 1922லேயே டபிள்யூஎஸ்பி ரேடியோவில் வாசித்திருந்தார். நடுத்தர வயதைத் தாண்டிய மனிதர்.

1923 ஜூன் நடுவில் ஓகேயில் பதிவுகளைக் கவனித்த ரால்ஃப் பியர் பதிவுக் கருவிகளோடு அட்லான்டா வந்து சேர்ந்தார். நாசோ தெரு 152ஆம் எண், காலியாகக் கிடந்த ஒரு கட்டடம். அதையே தற்காலிக ஸ்டுடியோ ஆக்கினார்கள். மைக் கிடையாது. மின்சாரப் பதிவு வர இன்னும் 2 வருஷம் இருந்தது. புனல் மாதிரி ஒரு பெரிய குழல். அதன் வாய்க்கு நேராக நின்று பாட வேண்டும். குரல் அந்தக் குழலின் கடைசியில் இருக்கும் மெல்லிய சவ்வை அசைக்கும், சவ்வு ஊசியை அசைக்கும், ஊசி மெழுகுத் தட்டில் கோடு இழுக்கும். அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிஷம். தப்பினால் மெழுகு வீண், இன்னொரு தட்டில் முதலிலிருந்து.

கார்சன் பாடிய இரண்டு பாட்டுகளில் ஒன்று 'தி லிட்டில் ஓல்ட் லாக் கேபின் இன் தி லேன்', சந்துக்குள் இருக்கும் ஒரு சின்னப் பழைய மரக்குடிசையைப் பற்றிய பாட்டு. அதை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. முதலில் வெறும் இரைச்சல், எண்ணெய் காய்வது போல. அதற்குள்ளிருந்து பிடில் வரும். பிறகு குரல். கூடவே கிடார் இல்லை, பான்ஜோ இல்லை, ஒத்து ஊத யாரும் இல்லை. பாடுகிறவரும் வாசிக்கிறவரும் ஒரே ஆள். குரல் எங்கே போகிறதோ வில்லும் அங்கேயே போகும். சில இடங்களில் குரல் சுருதியை விட்டுக் கொஞ்சம் இறங்கும், பிடில் பிடித்துக்கொள்ளும். ஹெட்ஃபோனில் கண்ணை மூடிக் கேட்டால் ஒரு வயசாளி பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் குரலில் ஒரு குறையும் தெரியவில்லை.

பியருக்குத் தெரிந்தது. படுமோசம் என்ற அர்த்தத்தில் அவர் சொன்ன வார்த்தை இன்றைக்கும் கன்ட்ரி இசை வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. குரலைச் சொன்னாரா, பதிவின் தரத்தைச் சொன்னாரா என்று வாதம் உண்டு. எப்படியானாலும் கம்பெனிப் பெயரில் ஊரெங்கும் விற்க அவருக்கு மனசில்லை. பிராக்மன் விடவில்லை. 500 தட்டு அடித்துக் கொடுங்கள், நான் விற்றுக்கொள்கிறேன் என்றார். சரி என்று அடித்துக் கொடுத்தார்கள். கம்பெனியின் விற்பனைப் பட்டியலில் சேர்க்கவில்லை, எண்ணும் போடவில்லை.

கார்சனை மேடையேற்றி வாசிக்க வைத்து பிராக்மன் தட்டுகளை விற்றார். 500ம் போய்விட்டது. இன்னும் வேண்டும் என்று நியூயார்க்குக்குச் சொல்லி அனுப்பினார். அப்போதுதான் கம்பெனிக்கு உறைத்தது. தட்டுக்கு 4890 என்ற எண் கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில் கார்சனை நியூயார்க்குக்கே வரவழைத்து மேலும் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள்.

தெற்கத்திப் பிடில்காரரை முதலில் பதிவு செய்தது விக்டர்தானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். டெக்சாஸ் பிடில்காரர் எக் ராபர்ட்சன் 1922லேயே விக்டருக்கு வாசித்துவிட்டார். 'சாலி கூடன்' கேட்டுப் பாருங்கள், வாசிப்பில் கார்சன் அவர் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அந்தத் தட்டு வேறு தட்டுகளுக்கு வழி திறக்கவில்லை. கார்சனின் தட்டு திறந்தது.

அடுத்து ஹென்றி விட்டர். வர்ஜீனியாவின் ஃபிரைஸ் ஊரில் ஆலைத் தொழிலாளி. கவிழ்ந்துபோன ஓல்ட் 97 ரயிலின் பாட்டை மவுத் ஆர்கனும் கிடாரும் வைத்து 1923 டிசம்பரில் பாடினார். தட்டு எண் 40015. அதே பகுதியைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்டோன்மன் அதைக் கேட்டுவிட்டு, இதைவிட நான் நன்றாகப் பாடுவேனே என்று நியூயார்க்குக்குக் கிளம்பினார். அவருடைய டைட்டானிக் பாட்டும் ஓகேயில்தான். விட்டரின் ரயில் பாட்டைத் தட்டில் கேட்டுப் படித்த வெர்னன் டால்ஹார்ட், விக்டருக்குப் பாடிப் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றார். விதைத்தது ஒருவர், அறுத்தது இன்னொருவர்.

1925 ஜனவரியில் ஆல் ஹாப்கின்ஸ் குழு ஓகேக்கு வாசித்தது. குழுவின் பேர் என்ன என்று பியர் கேட்க, நாங்கள் வெறும் 'ஹில்பில்லி', மலைக்காட்டு ஆட்கள், எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றாராம் ஹாப்கின்ஸ். பியர் 'ஹில் பில்லீஸ்' என்றே எழுத வைத்துவிட்டார். அந்த ஊர்களில் அது வசைச்சொல். குழுவில் இருந்தவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. பின்னால் அந்த இசை முழுவதுக்கும் அதுவே பேராகிவிட்டது.

என்னை உறுத்துவது அதே வருஷம் நடந்த இன்னொன்று. தெற்கத்தி வெள்ளைக்காரர்களின் பாட்டுக்கென்று ஓகே 45000 என்று தனி எண் வரிசை தொடங்கியது. 'பழங்காலப் பாட்டுகள்' என்று தலைப்பு. கறுப்பினத்தவர் பாட்டுக்கு 1921 முதலே 8000 என்று தனி வரிசை இருந்தது. இப்போது நாசோ தெருவுக்குத் திரும்பிப் போங்கள். 1923ல் கார்சன் பாடிய அதே தற்காலிக ஸ்டுடியோவில், அதே ஜூனில், லூசில் போகனும் ஃபேனி மே கூஸ்பியும் கறுப்பின மக்களின் பாட்டு வகையான புளூஸ் பாடினார்கள். அதே கட்டடம், அதே குழல். அவர்கள் தட்டு 8000 வரிசைக்குப் போனது. கார்சன் பாடிய அந்தக் குடிசைப் பாட்டோ, 1871ல் வில் ஹேய்ஸ் எழுதியது. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய மேடைகளுக்கான பாட்டு. வயதான ஒரு கறுப்பின மனிதர் பாடுவதாக அமைந்தது. இந்தப் பாட்டை எந்த வரிசையில் வைப்பது? வாங்குகிறவரின் தோல் நிறத்தைப் பார்த்து எண் போட்டார்கள். கேட்கிற காதுக்கு அந்தப் பிரிவு கிடையவே கிடையாது. என் பட்டியலில் அதனால் எண்ணை விட்டுவிட்டுத் தேதிப்படி மாற்றி அடுக்கினேன். கார்சனும் போகனும் அடுத்தடுத்து வந்து உட்கார்ந்தார்கள்.

ஓகேயை 1926ல் கொலம்பியா வாங்கிவிட்டது. பியர் விக்டருக்குப் போய், 1927ல் அமெரிக்காவின் பிரிஸ்டல் ஊரில் கன்ட்ரி பாடகர்களான கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ராட்ஜர்ஸையும் பதிவு செய்து பெரும் புகழ் அடைந்தார். கார்சன் கடைசிக் காலத்தில் ஜார்ஜியா சட்டமன்றக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கினார். 1949ல் இறந்தார். நாசோ தெருக் கட்டடத்தைக் காப்பாற்ற ஊரில் பலர் முயன்றார்கள். ஓட்டல் கட்டுவதற்காக 2019ல் இடித்துவிட்டார்கள்.